துன்பத்தை இறைவன் ஏன் அனுமதிக்கிறார்?



கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் புகையிரதப் பாதையில் மிக உயர்ந்த நிலையம் பட்டிப்பொல. கடல் மட்டத்திற்கு மேல் 6,200 அடிக்கும் அதிகமான உயரத்தில் அமைந்த இதுவே இலங்கையின் புகையிரத நிலையங்கள் அனைத்திலும் உயரமானது. 1885ஆம் ஆண்டில் நானுஓயாவை அடைந்த இருப்புப்பாதை, பட்டிப்பொலவைக் கடந்து 1893ஆம் ஆண்டில் அப்புத்தளை வரை நீண்டது. பட்டிப்பொலவை விட்டுச் சிறிது தூரம் சென்றதும் ஒரு சுரங்கம் வருகிறது. இப்புறம் நுவரெலியா மாவட்டம். அப்புறம் பதுளை மாவட்டம். இப்புறம் மூடுபனி சூழ்ந்திருக்கும் வேளையில் அப்புறம் வெயில் எறிப்பதைப் பயணிகள் பலர் கண்டிருப்பர்.

அவ்வழியே மேலும் சென்று அப்புத்தளையில் இறங்கி, பெரகலை ஊடாகக் கீழ்நோக்கிச் செல்லும் சாலையைப் பின்பற்றினால் கொஸ்லாந்தைப் பகுதியை அடையலாம். அங்கே மீரியபெத்தை என்னும் தேயிலைத் தோட்டம் உண்டு. 2014ஆம் ஆண்டு ஒக்தோபர் 29ஆம் திகதி காலை, தொடர்ந்து பெய்த மழையினால் மலைச்சரிவு இளகி, தொழிலாளர் குடியிருந்த லயங்களின்மேல் சரிந்து மூடிற்று. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது அவர்களுக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. மாண்டவர் பலருடைய உடல்கள்கூடக் கிடைக்கவில்லை.

இத்தகைய வேளையில் மனிதனுடைய நெஞ்சிலிருந்து ஒரு வினா எழுகின்றது. கடவுள் நல்லவர் என்கிறோம். எல்லாம் வல்லவர் என்கிறோம். அவ்வாறாயின் இதற்கு அவர் ஏன் இடங்கொடுத்தார்? தடுக்க மனமில்லையா? அன்றித் தடுக்க வலிமையில்லையா? எபிக்கூரஸ் என்னும் கிரேக்க அறிஞரின் பெயரால் நெடுங்காலமாக வழங்கிவரும் இவ்வினாவைப் பண்டிதர் மட்டுமே கேட்பதில்லை. கொழுந்துக் கூடையைச் சுமக்கும் தாயும் கேட்கிறாள். இவ்வினாவின் முன் கிறிஸ்தவச் சிந்தனை என்ன கூறுகின்றது என்பதையே இன்று எடுத்துரைக்க விழைகின்றேன். பிற சமயங்களைச் சார்ந்த நேயர்களுக்கும் இது புறம்பான பொருளாகாது. மாரியம்மன் கோயிலும் மாதா கோயிலும் ஒரே மலையடிவாரத்தில் நிற்கும் நாடு இது. மண்சரிவு சமயம் பார்த்து வருவதில்லை.

துன்பத்தைக் கண்டதும் மனிதன் முதலிற் கூறும் விடை, அது குற்றத்திற்குத் தண்டனை என்பது. இவ்விடை கேட்பவரை அமைதிப்படுத்துவதாகத் தோன்றும். உலகில் நீதி தவறாது நடைபெறுகிறது என்ற நிம்மதியைத் தரும். ஆனால் அந்த நிம்மதி துன்பத்திற்கு வெளியே நிற்பவனுக்கே உரியது. துன்பத்திற்குள் இருப்பவனுக்கோ அது இரண்டாவது அடி.

விவிலியத்திலுள்ள யோபு நூல் இந்த விடையை மறுப்பதற்கென்றே எழுந்தது போலும். யோபு நேர்மையாளன். செல்வமும் மக்களும் உடல்நலமும் ஒருங்கே இழக்கின்றான். அவனைத் தேற்ற மூன்று நண்பர் வருகின்றனர். ஏழு நாள் அவனோடு தரையில் அமர்ந்து வாய் பேசாதிருக்கின்றனர். பின்னர் பேசத் தொடங்குகின்றனர். 'நீ ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும்' என்பதே அவர்தம் நீண்ட சொற்பொழிவுகளின் சாரம். நூலின் முடிவில் கடவுள் யோபுவைக் கண்டிக்கிறார் எனினும், அவருடைய கோபம் மூண்டெழுவது அந்த நண்பர்கள்மீதே. தம்மைக் குறித்து அவர்கள் சரியாகப் பேசவில்லை என்பது அவருடைய தீர்ப்பு. கடவுளுக்காக வழக்காடியவர்களைக் கடவுளே கைவிட்டார் என்பது சிந்திக்கத்தக்கது.

இயேசுவும் இதையே போதித்தார். எருசலேமில் சீலோவாம் கோபுரம் இடிந்து வீழ்ந்து 18 பேர் இறந்தனர். அவர்கள் ஏனையோரைவிடக் கொடிய பாவிகளோ என்று வினவிய இயேசு, இல்லை என்று தாமே விடையும் கூறினார். பிறவிக்குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள், இவன் குருடனாகப் பிறந்தது இவன் செய்த பாவத்தாலா, பெற்றோர் செய்த பாவத்தாலா என்று கேட்டபோதும், இரண்டும் அன்று என்றார். கூறியதோடு நில்லாது அவனுக்குப் பார்வை அளித்தார். ஒருவனுக்கு நேர்ந்த இடரைக் கொண்டு அவனுடைய குற்றத்தை அளக்கக் கிறிஸ்தவனுக்கு உரிமை இல்லை என்பது இவற்றால் தெளிவாகும்.

அப்படியாயின் தீமை எங்கிருந்து வந்தது? வட ஆபிரிக்காவில் 354ஆம் ஆண்டு பிறந்த அகுஸ்தீனார் இவ்வினாவோடு பல்லாண்டுகள் போராடினார். தீமை என்பது தனிப்பொருள் அன்று, நன்மையின் குறைபாடே என்ற முடிவுக்கு அவர் வந்தார். இருள் ஒளியின் இன்மையாதல் போல என்று இதை விளக்கலாம். கடவுள் மனிதனுக்குச் சுதந்திரம் தந்தார். அன்பு செலுத்த வல்ல உயிர், அன்பை மறுக்கவும் வல்லதாதல் வேண்டும். கயிறு கட்டி ஆட்டும் பாவை தவறு செய்யாது. ஆனால் அது யாரையும் நேசிக்கவும் மாட்டாது. ஆகவே, கடவுள் தீமையை விரும்புவதில்லை; சுதந்திரத்தை அளித்தமையால் அதற்கு இடம் விட்டிருக்கிறார். விரும்புதல் வேறு, அனுமதித்தல் வேறு என்னும் இந்தப் பாகுபாட்டைப் பிற்காலக் கிறிஸ்தவ அறிஞர் பலரும் ஏற்றனர்.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு அன்று, இவ்விலங்கையில் நிகழ்ந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகியவற்றிலும் கொழும்பின் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சீயோன் தேவாலயத்தில் மாண்டவருள் ஞாயிறு பாடசாலைக்கு வந்த சிறுவர்கள் பலர். இச்செயல் கடவுளுடைய விருப்பம் என்று கூற எந்தக் கிறிஸ்தவனுக்கும் நா எழாது. மனிதன் தன் சுதந்திரத்தைக் கொண்டு செய்த கொடுமை அது.

ஆனால் மலை சரிவதற்கு மனித சுதந்திரம் எவ்வாறு காரணமாகும்? இங்கே அறிஞர்கள் வேறொரு விளக்கம் தருகின்றனர். இயற்கை ஒழுங்கான விதிகளால் இயங்குகின்றது. கொழுந்து துளிர்க்கச் செய்யும் மழையே மண்ணையும் இளக்குகின்றது. நீர் கீழ்நோக்கி ஓடுவதனால்தான் ஆறும் உண்டு, வெள்ளமும் உண்டு. ஒவ்வொரு கணமும் கடவுள் குறுக்கிட்டு இவ்விதிகளை மாற்றுவாரானால், உழுது விதைப்பவனும் நோய்க்கு மருந்து தேடுபவனும் எதை நம்பிச் செயலாற்றுவர்? இது பொருந்தும் விளக்கமே. ஆயினும் 1755ஆம் ஆண்டு நவம்பர் முதலாம் திகதி, எல்லாப் புனிதர் திருநாளன்று, லிஸ்பன் நகரில் நிலநடுக்கம் நேர்ந்து ஆலயங்களில் நிறைந்திருந்த மக்கள்மேல் கூரைகள் வீழ்ந்தபோது, இருக்கக்கூடிய உலகங்களுள் இதுவே சிறந்தது என்ற தத்துவத்தை ஐரோப்பா ஐயத்தோடு நோக்கத் தொடங்கியது. விதி பொதுவானது, வீழ்ந்த கூரையோ ஒரு குறிப்பிட்ட குழந்தையின் தலைமேல் வீழ்ந்தது. பொது விதியைக் கூறி அக்குழந்தையின் தாயைத் தேற்ற இயலுமா?

இன்னொரு விடையும் உண்டு. துன்பம் ஆன்மாவைப் பக்குவப்படுத்துகின்றது என்பது அது. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இரனேயு என்னும் ஆயர், மனிதன் முழுமை பெற்றவனாகப் படைக்கப்படவில்லை, முழுமையை நோக்கி வளருமாறு படைக்கப்பட்டான் என்றார். அவ்வழியில் நின்று, இவ்வுலகம் இன்பமாளிகை அன்று, ஆன்மாக்கள் உருவாகும் இடம் என்று பின்வந்தோர் விளக்கினர். துன்பத்தால் பொறுமையும் இரக்கமும் பெற்றவர்களை நாம் அறிவோம். ஆனால் துன்பத்தால் மனம் முறிந்தவர்களையும் அறிவோம். பக்குவம் பெறுவதற்கு முன்பே மாண்ட குழந்தைகளையும் அறிவோம். ஒருவன் தன் துன்பத்தைக் குறித்து, 'இது என்னைப் புடம்போட்டது' என்று சொல்வானாகில் நாம் அதனை வணக்கத்தோடு கேட்கலாம். பிறனுடைய துன்பத்தைக் குறித்து அவ்வாறு நாம் சொல்லலாகாது.

ஆகவே, நேயர்களே, இவ்விடைகள் ஒவ்வொன்றிலும் உண்மையின் ஒரு கூறு உண்டு. எனினும் எதுவும் முழுமையாகத் தீர்ப்பதில்லை. விவிலியமும் இவ்வினாவிற்கு ஒரு சூத்திரம் போல விடை தரவில்லை. யோபுவிற்குச் சூறைக்காற்றினின்று கடவுள் மறுமொழி கூறுகின்றார். ஆயினும் அவன் ஏன் துன்புற்றான் என்பதை மட்டும் கூறவில்லை. மாறாக, கேட்கும் உரிமையை விவிலியம் மனிதனுக்கு வழங்குகின்றது. சங்கீதங்களுள் பல, கடவுளை நோக்கி 'எத்தனை காலம்?' என்று முறையிடும் புலம்பல்கள். நம் மலைநாட்டுப் பெண்கள் இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கும்போது, இறந்தவனோடும் எமனோடும் தெய்வத்தோடும் வழக்காடுகின்றனர் அல்லவா? அத்தகைய வழக்காடுதல் சங்கீதங்களில் வழிபாடாகவே மதிக்கப்படுகின்றது. கடவுளை நோக்கி ஏன் என்று கேட்பது அவிசுவாசம் அன்று.

அந்த வினாவை இயேசுவே கேட்டார் என்பது கிறிஸ்தவ சமயத்தின் நடுப்பொருள். சிலுவையில் தொங்கிய வேளையில், தாம் ஏன் கைவிடப்பட்டார் என்று சங்கீதத்தின் சொற்களாலேயே அவர் கதறினார். கடவுள் துன்பத்தைத் தொலைவில் இருந்து பார்ப்பவர் அல்லர். துன்பத்திற்குள் இறங்கி, அநியாயத் தீர்ப்பையும் ஆணியையும் தாகத்தையும் தாமே ஏற்றவர் என்று கிறிஸ்தவர் நம்புகின்றனர். இரண்டாம் உலகப் போரின் அழிவுக்குப் பின் யப்பானிய இறையியலாளர் கிட்டமோரி 1946ஆம் ஆண்டில் கடவுளுடைய வேதனையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அப்போரிற் சிறைப்பட்ட செருமானியராகிய மோல்ற்மன், 1972ஆம் ஆண்டில் சிலுவையில் அறையப்பட்ட கடவுளைப் பற்றி எழுதினார். இட்லரை எதிர்த்துச் சிறைசென்று 1945ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி தூக்கிலிடப்பட்ட பொன்கேபர் என்னும் போதகரும், சிறையில் இருந்தவாறே கடவுளின் வலுவின்மையைக் குறித்துச் சிந்தித்தார். துன்பத்தை ஏட்டில் மட்டும் கண்டவர்கள் அல்லர் இவர்கள். சிலுவை ஏன் என்ற வினாவிற்கு விளக்கமன்று. அவ்வினாவைக் கேட்பவன் தனியனல்லன் என்ற உறுதியாகும்.

இவ்விடத்தில் ஒரு பெரிய அபாயத்தைச் சுட்டிக்காட்டல் வேண்டும். 'கடவுள் அனுமதித்தார்' என்னும் சொற்றொடரை யார் கூறுகின்றார் என்பது முக்கியமானது. துன்புற்றவனே கூறினால் அது விசுவாசம். தடுக்கக் கூடியவனாயிருந்தும் தடுக்காதவன் கூறினால் அது தப்பித்தல்.

மீரியபெத்தைக்குத் திரும்பி வருவோம். அம்மலைச்சரிவு பாதுகாப்பற்றது, அங்குள்ளோரை அகற்றுதல் வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. குடும்பங்கள் அங்கேயே இருந்தன. நாட்கூலியில் வாழ்பவனுக்கு வேறு நிலம் ஏது? லயத்தை விட்டால் வேறு கூரை ஏது? மழையைப் பெய்வித்தவர் கடவுள் என்று சொல்லலாம். ஆனால் அந்தச் சரிவின் கீழே லயத்தைக் கட்டியவர் கடவுள் அல்லர். எச்சரிக்கையைப் படித்தபின்னும் அதனை மூடி வைத்தவரும் கடவுள் அல்லர். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் குறித்தும் அம்மாதத் தொடக்கத்திலேயே எச்சரிக்கை வந்திருந்தது. அதனைத் தடுக்கும் கடமையில் முன்னாள் சனாதிபதியும் உயர் அதிகாரிகளும் தவறினர் என்று உயர் நீதிமன்றம் 2023ஆம் ஆண்டு சனவரி 12ஆம் திகதி தீர்ப்பளித்து, நட்டஈடு செலுத்துமாறு பணித்தது. இவ்விரு நிகழ்ச்சிகளிலும் 'கடவுள் ஏன் அனுமதித்தார்?' என்று கேட்பதற்கு முன், 'மனிதர் ஏன் அனுமதித்தனர்?' என்று கேட்க வேண்டியிருக்கின்றது.

மலைநாட்டின் வரலாறு முழுவதிலும் இவ்வினா தொடர்கின்றது. தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டி ஆள் திரட்டினர் என்பது மலையகத்தில் வாய்வழி வழங்கும் செய்தி. தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையிலிறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளையை நோக்கி வந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டவர் அனேகர். அவர்தம் நினைவாக 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைப்பயணம் ஒன்று நிகழ்ந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்தம் வழித்தோன்றல்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கிற்று. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சம் தோட்டங்களிற் பலரைப் பலிகொண்டது. இவற்றுள் எதனைக் கடவுளுடைய சித்தம் என்று கூறுவது? சட்டம் இயற்றிய கையும் ஒப்பமிட்ட பேனாவும் மனிதருடையவை.

இந்த உண்மையை உணர்ந்த கிறிஸ்தவர் சிலர் இந்நாட்டில் இருந்தனர். கிறிஸ்தவராகிய எஸ். ஜே. வி. செல்வநாயகம் 1948ஆம் ஆண்டில் குடியுரிமைச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் எதிர்த்தார். தம் தொகுதி மலைநாட்டில் இல்லாதபோதும் அம்மக்களுக்கு நேர்ந்த அநீதியைத் தம் அநீதியாகக் கருதினார். இயேசு சபைத் துறவி போல் கஸ்பேர்ஸ் 1972ஆம் ஆண்டில் கண்டியில் சத்யோதய நிலையத்தை நிறுவித் தோட்டத் தொழிலாளர்களின் உரிமைக்காகப் பல்லாண்டுகள் உழைத்தார். ஏழைகளின் துன்பத்தைத் தலைவிதி என்று விட்டுவிட இவர்கள் ஒருப்படவில்லை. வள்ளுவப் பெருந்தகையும் ஊழ் என ஓர் அதிகாரம் வகுத்தவர், ஆள்வினையுடைமை என வேறோர் அதிகாரமும் வகுத்து, தளராது முயல்வோர் ஊழையும் புறங்காண்பர் என்று கூறினாரன்றோ? இவ்விடயத்தில் தமிழ் மரபும் கிறிஸ்தவப் போதனையும் கைகோத்து நிற்கின்றன.

ஆயினும் எல்லாத் துன்பத்திற்கும் மனிதர்மேல் குற்றஞ் சாட்டி முடித்துவிட இயலாது. தக்க மருத்துவம் இருந்தும் தீராத நோயால் இறக்கும் குழந்தை உண்டு. யாருடைய கவலையீனமும் இன்றியே வரும் விபத்து உண்டு. அங்கே 'ஏன்?' என்னும் வினா விடையின்றியே நிற்கும். அதனை விடையின்றி நிற்க விடுதலே நேர்மை. அத்தகைய வீட்டிற்குச் செல்லும் அயலவர் யோபுவின் நண்பர்களிடமிருந்து ஒன்று கற்கலாம். அவர்கள் செய்தவற்றுள் சிறந்தது, வாய் திறவாது ஏழு நாள் உடனமர்ந்தது. இழவு வீட்டிற்குச் செல்லும்போது 'கடவுள் அழைத்துக்கொண்டார்' என்று சொல்வதிலும், அடுப்பு மூட்டி ஒரு வேளைக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பது கிறிஸ்துவுக்கு உகந்தது. மீரியபெத்தையில் உயிர் தப்பியோர் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் நெடுநாள் தங்கியிருக்க நேர்ந்தது. அந்நாட்களில் அவர்களுக்கு உணவும் உடையும் கொண்டு சென்றோர் எந்தச் சமயத்தவராயினும், கிறிஸ்தவன் அவர்களைக் கடவுளின் கைகள் என்றே கருதுவான்.

கிறிஸ்தவ நம்பிக்கை வெள்ளிக்கிழமையோடு முடிவதில்லை; உயிர்ப்பில் நிறைவு பெறுகின்றது. ஆனால் உயிர்த்தெழுந்த இயேசுவின் உடலில் ஆணிக்காயங்கள் மறையாதிருந்தன என்பது நற்செய்தி தரும் குறிப்பு. ஐயுற்ற தோமாவிற்கு அவற்றையே அவர் காட்டினார். அந்தத் தோமாவே தமிழ்நாட்டு மயிலாப்பூருக்கு வந்து மாண்டார் என்பது நெடுங்கால மரபு. காயங்களைத் துடைத்தழித்து, ஒன்றும் நேரவில்லை என்று சொல்லும் வெற்றி அன்று கிறிஸ்தவர் எதிர்நோக்குவது. நேர்ந்ததை மறவாது, அதற்கு நீதி வழங்கும் வெற்றியையே எதிர்நோக்குகின்றனர். அதனால்தான் மாண்டவரை நினைப்பதும், உண்மையைக் கேட்பதும், நீதி வேண்டி நிற்பதும் விசுவாசத்தின் பகுதிகளாகின்றன.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய டித்வாப் புயலின்போதும் மலைநாட்டில் மண் சரிந்து மக்கள் மாண்டனர். நம்மவர் பல குடும்பங்கள் இன்றும் சரிவுகளின் ஓரத்து லயங்களிலேயே வாழ்கின்றன. கடவுள் துன்பத்தை ஏன் அனுமதிக்கிறார் என்பதற்கு முழுமையான விடையை நாம் இவ்வுலகில் பெறாதிருக்கலாம். நாம் அனுமதித்தவற்றுக்கு விடை கூற வேண்டிய பொறுப்போ நம்முடையது. அடுத்த மாரி வருமுன், ஓர் எச்சரிக்கைக் கடிதத்தையாவது உரிய காலத்திற் படித்து, ஒரு குடும்பத்தையாவது உறுதியான நிலத்திற்கு மாற்றுவோமாயின், அத்துன்பம் அக்குடும்பத்தை அணுகாது. இறைவனிடம் கேட்கும் வினாவோடு நம் கைகளும் செயற்படுவனவாக.